ஸ்பீக்கரைத் துடையுங்கள், மினுக்காதீர்கள்



பெருநாளுக்கு வீடு துப்புரவாக்கும் வேலை ஊரெல்லாம் தொடங்கிவிட்டது. ஜன்னல் சீலைகள் கொடியில் தொங்குகின்றன. ஷோகேஸ் சாமான்கள் விறாந்தையில் பரத்திக் கிடக்கின்றன. இந்தக் காலம் வந்தால் எனக்கு ஒரே மாதிரியான மெசேஜ்கள் வரும். "டீச்சர், உம்மாட பழைய செட்டுட ஸ்பீக்கர் மங்கிப் போய்க் கிடக்கு. அந்த வெள்ளி வளையத்த எதால தேய்ச்சா மினுங்கும்?" விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். இந்தக் கிழமை மட்டும் மூன்று பேர் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட, எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆனால் வாசித்து முடித்த பிறகு ஸ்பீக்கரில் கை வையுங்கள்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அழுக்கை எடுங்கள், உலோகத்தை விட்டுவிடுங்கள். துடைப்பது வேறு, மினுக்குவது வேறு. துடைக்கும்போது மேலே படிந்தது மட்டும் போகும். மினுக்கும்போது அந்தப் பொருளிலேயே ஒரு பங்கு போகும். போனதைத் திரும்ப ஒட்ட வீட்டில் யாராலும் முடியாது.

"ஒரு பழைய ஸ்பீக்கருக்கு இவ்வளவு கதையா?" என்று சிலர் நினைக்கலாம். அது எப்படி நம் வீடுகளுக்கு வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. அதற்கு முந்திய வருடங்களில் வெளிநாட்டுச் சாமான் ஒன்றைக் காண்பதே அருமை. அதே காலத்தில்தான் மத்திய கிழக்குக்கு ஆட்கள் போகத் தொடங்கினார்கள். 80களில் நம் வீடுகளுக்குள் நுழைந்த நஷனல், சொனி, அக்காய், சன்சூய் செட்டுகளில் பெரும்பாலானவை கடையில் காசு எண்ணி வாங்கியவை அல்ல. குவைத்திலும் சவூதியிலும் அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் நின்ற ஒரு உம்மா, வெயிலில் வாகனம் ஓட்டிய ஒரு வாப்பா, இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து வரும்போது பெட்டியில் கட்டிக் கொண்டு வந்தவை. 1990 ஓகஸ்ட் 2இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது, உடுத்த உடுப்போடு ஊர் வந்து சேர்ந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் அதற்கு முதல் விடுமுறையில் கொண்டு வந்ததுதான் மிச்சம். கரையோரத்தில் இருந்த பலருக்கு 2004 டிசெம்பர் 26 அந்த மிச்சத்தையும் விட்டுவைக்கவில்லை.

பி.எச். அப்துல் ஹமீதின் குரலையும், கே.எஸ். ராஜாவின் குரலையும், இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியையும் நம் பெரியவர்கள் கேட்டது இந்தப் பெட்டிகளில்தான். ஆகவே தப்பி இருக்கிற ஒன்றிரண்டைக் கெடுக்காமல் பார்ப்பது நம் பொறுப்பு என்று நினைக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த "வெள்ளி" உண்மையில் வெள்ளி இல்லை. நம் வீடுகளில் இருக்கும் பழைய ஸ்பீக்கர்களில் மினுங்கும் பாகம் பொதுவாக நான்கு வகை. எது என்று தெரியாமல் தேய்ப்பதால்தான் அநேகமானவை கெட்டுப் போகின்றன.

1. மின்பகுப்பு முறையில் மேற்பரப்பைக் கெட்டியாக்கிய அலுமினியம். வளையங்களும், முன்பக்கத் தகடுகளும் பெரும்பாலும் இதுதான். அலுமினியத்தைச் சல்பூரிக் அமிலக் கரைசலில் வைத்து மின்னோட்டம் செலுத்துவார்கள். மேலே ஒரு ஒட்சைட்டுப் படை வளரும். தங்க நிறமோ கறுப்போ வேண்டுமென்றால் அந்தப் படைக்குள் சாயம் ஊட்டி மூடிவிடுவார்கள். அதன் தடிப்பு வழமையாக 5 முதல் 25 மைக்ரோமீற்றர் வரை. ஆயிரம் மைக்ரோமீற்றர் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீற்றர் என்பதை நினைவில் வையுங்கள். நம் தலைமயிரின் தடிப்பு கூட இதை விட அதிகம்.

2. குரோமியம் முலாமிட்ட இரும்பு. வலைத் தகடுகள், மூலைகள், கைபிடிகள். இரும்புக்கு மேல் நிக்கல், நிக்கலுக்கு மேல் குரோமியம். அந்தக் குரோமியம் ஒரு மைக்ரோமீற்றரிலும் குறைவு. கண்ணுக்குத் தெரியாத துவாரம் ஒன்று இருந்தால் போதும், நம் கடற்காற்றின் உப்பு அதற்குள் இறங்கி அடியிலிருக்கும் இரும்பைக் கறள் பிடிக்க வைக்கும்.

3. உலோகம் போலத் தெரியும் பிளாஸ்ரிக். 80களின் கடைசியில் வந்த செட்டுகளில் இது நிறைய. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் பிளாஸ்ரிக்கின் மேல் படியவிட்டு, அதற்கு மேல் வார்னிஷ் பூசியிருப்பார்கள். எந்த மினுக்கு மருந்து போட்டாலும் முதலில் வார்னிஷ் போகும். அடுத்ததாக "வெள்ளி" துணியோடு வந்துவிடும். கையில் மிஞ்சுவது சாம்பல் நிறப் பிளாஸ்ரிக்.

4. பித்தளை. நம் வீடுகளில் குறைவு. இருந்தாலும் அநேகமாக மேலே வார்னிஷ் பூசியதுதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பாகத்தைக் கழற்றிவிட்டு ஒரு சின்னக் காந்தத்தைப் பிடித்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஸ்பீக்கரோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம், உள்ளே இருக்கும் பெரிய காந்தம் உங்களை ஏமாற்றிவிடும். ஒட்டாவிட்டால் நகத்தால் தட்டிப் பாருங்கள். மந்தமாகச் சத்தம் வந்து, தொடும்போது குளிராகவும் இல்லாவிட்டால் பிளாஸ்ரிக். மின் திருத்துபவரிடம் மல்டிமீற்றர் இருந்தால் இன்னும் லேசு. இரண்டு முனைகளையும் மெதுவாக மேற்பரப்பில் வைத்தால் வெறும் அலுமினியம் மின்னைக் கடத்தும், ஒட்சைட்டுப் படை உள்ளது கடத்தாது. வார்னிஷும் கடத்தாது. கடத்தாத எதையும் தேய்க்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நம் கைவைத்தியங்கள்.

தேசிக்காய், புளி, வினாகிரி. இவை அமிலம். பித்தளைக் குத்துவிளக்கையும் செம்புக் கேத்தலையும் புளி போட்டு விளக்குவது சரி, அங்கே செம்பின் ஒட்சைட்டு அமிலத்தில் கரைந்து வெறும் உலோகம் வெளியே வருகிறது. அதே வேலையை அலுமினிய வளையத்தில் செய்தால், நாம் காப்பாற்ற வேண்டிய படையைத்தான் கரைக்கிறோம். அந்தப் படை பீ.எச். பெறுமானம் 4க்கும் 9க்கும் இடையில்தான் பத்திரமாக இருக்கும். தேசிக்காய்ச் சாற்றின் பெறுமானம் 2க்கும் 3க்கும் இடையில்.

சாம்பல், சலவைச் சோடா. இவை காரம். சாம்பல் கரைத்த தண்ணீர் 10ஐத் தாண்டும், சலவைச் சோடா 11க்குக் கிட்டப் போகும். அலுமினியத்தை அமிலத்தை விடக் காரம் மோசமாகத் தாக்கும். தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்த அலுமினியச் சட்டி கறுத்துப் போவதை நம் உம்மாமார் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். அதே கதைதான்.

பித்தளை மினுக்கும் திரவம். பெயரிலேயே இருக்கிறது, அது பித்தளைக்கு. அதற்குள் மிக நுண்ணிய தூள் இருக்கும், அது உராய்ந்துதான் மினுக்கம் வருகிறது. துணியில் கறுப்பாக வருவதைக் காட்டி "பாருங்க எவ்வளவு ஊத்தை" என்பார்கள். அதில் ஊத்தையும் இருக்கும், உலோகமும் இருக்கும். நல்ல சுத்தமான அலுமினியத்தைத் தேய்த்தாலும் துணி கறுக்கும்.

கழிவறைக்குப் போடும் குளோரின் திரவம். இதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அது உலோகத்தைக் குழி குழியாக அரிக்கும். அதோடு வினாகிரியோ தேசிக்காயோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அமோனியா உள்ள மினுக்குத் திரவத்தோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். பூட்டிய அறைக்குள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தப் பரிசோதனை வேண்டாம்.

கடைசியாக, எல்லாவற்றையும் விட மோசமானது: பாத்திரம் தேய்க்கும் கம்பித் தும்பு.

போன வருடம் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஏ.எல். படிக்கிற மகன், நல்ல பிள்ளை, உம்மாவுக்குச் சந்தோசமாக இருக்கட்டும் என்று நினைத்துச் செய்தது. 1987இல் குவைத்திலிருந்து கொண்டு வந்த செட். வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, தேசிக்காயும் கம்பித் தும்பும் வைத்து வளையங்களைத் தேய்த்திருக்கிறான். முதல் நாள் பளபளவென்று இருந்தது. ஒரு கிழமையில் வளையம் திட்டுத் திட்டாக மங்கியது. அது கூடப் பரவாயில்லை. ஸ்பீக்கரைப் போட்டால் "கர்ர்" என்று அரைபடும் சத்தம். திருத்துபவர் கழற்றிப் பார்த்தபோது, நூல் நூலாக இரும்பு மயிர்கள் காந்தத்தின் இடைவெளிக்குள் சிக்கியிருந்தன.

காரணம் லேசானது. ஸ்பீக்கருக்குள் ஒரு கம்பிச் சுருள் காந்தத்தின் இடைவெளியில் முன்னும் பின்னும் அசைகிறது. அந்த அசைவுதான் சத்தம். சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர் கூட இல்லை. கம்பித் தும்பு உதிர்க்கும் ஒவ்வொரு துகளையும் காந்தம் தேடிப் பிடித்து உள்ளே இழுக்கும். உள்ளே போனதை வெளியே எடுக்கக் காந்தம் விடாது. சுருளின் பூச்சு உரசி உரசிப் போனால் ஸ்பீக்கரின் ஆயுள் முடிந்தது.

அந்தத் தாய் மகனைத் திட்டவில்லை. "அது மங்கிக் கிடந்தாலும் பாடிக்கிட்டுத்தானே கிடந்திச்சி" என்று மட்டும் சொன்னார். இந்தப் பதிவை நான் எழுதுவதற்கு அந்த ஒரு வசனம்தான் காரணம்.

சரி, அப்படியானால் எப்படித்தான் சுத்தம் செய்வது? பெரிய செலவில்லை. வீட்டில் இருப்பதே போதும்.

முதலில் மின் இணைப்பைக் கழற்றுங்கள். ஸ்பீக்கர் வயர்களையும் கழற்றி, எது சிவப்பு எது கறுப்பு என்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். செட்டின் அம்பிளிபயர் மூடியைத் திறக்க வேண்டாம், கழற்றி வைத்த பிறகும் உள்ளே மின் தேங்கியிருக்கும்.

முன் வலையைக் கழற்ற முடியுமென்றால் கழற்றுங்கள். நல்ல மெல்லிய பெயின்ற் பிரஷ் ஒன்றால், உள்ளேயிருந்து வெளிப்பக்கமாகத் தூசியைத் தட்டுங்கள். ஈரம் படுவதற்கு முதல் தூசி போக வேண்டும். நம் பக்கத்துத் தூசியில் மணல் இருக்கும். ஈரத்துணியோடு மணல் சேர்ந்தால் அதுவே அரத்தாள்.

நடுவில் இருக்கும் கடதாசிக் கூம்பைத் தண்ணீரால் தொடவே கூடாது. சின்ன ஸ்பீக்கரின் நடுவில் மினுங்கும் உலோகக் குமிழ் இருந்தால் அதையும் விடுங்கள். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்குதான். விரல் பட்டால் உள்ளே போய்விடும்.

பழைய பருத்திச் சாரத் துண்டு ஒன்றை எடுங்கள். இதைவிட நல்ல துணி கடையில் இல்லை, எத்தனையோ தரம் தோய்த்து மெதுவாகியிருக்கும். ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. துணியை நனைத்து, சொட்டுச் சொட்டாக வடியாமல் நன்றாகப் பிழிந்து, உலோகத்தை மட்டும் துடையுங்கள். கீறல் வரிகள் போட்டு முடித்த தகடு என்றால் அந்த வரிகளின் திசையிலேயே துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். அடுத்தது வெறும் தண்ணீரில் நனைத்த துணி. அதற்கடுத்து உடனே காய்ந்த துணி. வெயிலில் வைத்துக் காய விடாதீர்கள்.

சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு, சிகரட் மஞ்சள் போகாவிட்டால், பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை துணியில் கொஞ்சம் தொட்டு, முதலில் மறைவான மூலை ஒன்றில் பரீட்சித்துப் பாருங்கள். கொம்பனிப் பெயரும் எழுத்துகளும் உள்ள இடத்தில் ஸ்பிரிட் வேண்டாம். அச்சு எழுத்து அப்படியே கரைந்துவிடும். வார்னிஷ் பூசிய பாகத்திலும் வேண்டாம்.

குரோமியம் இரும்பில் கறள் புள்ளிகள் இருந்தால் ஒரு வழி இருக்கிறது. அந்தப் பாகத்தை ஸ்பீக்கரிலிருந்து கழற்றி எடுத்த பிறகு மட்டும். சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளைச் சின்னதாகக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். குரோமியத்தை விட அலுமினியம் மென்மை, ஆகவே கீறாது. கறள் போகும். ஆனால் துவாரம் மூடாது. துடைத்துக் காய வைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளியைத் துணியில் எடுத்துப் பூசிவிடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம். சில நாளில் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும்.

அலுமினியத்தில் வெள்ளையாகப் பொடி பிடித்திருந்தால் உப்புக்காற்று ஏற்கனவே படையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பொடியைத் துடைக்கலாம், குழி இருக்கும். இருக்கட்டும்.

கூம்பின் ஓரத்தில் உள்ள பஞ்சு வளையம் பொடிந்து போயிருந்தால் பயப்பட வேண்டாம். நம் ஈரப்பதனுக்கு அது 15, 20 வருடத்தில் பொடிவது வழமை. அதை மாற்றலாம். பொடிந்த பஞ்சைக் கண்டதும் ஸ்பீக்கரே போய்விட்டது என்று பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துப் போடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன வழி: செட்டிலிருந்து கழற்றிய வயர் நுனிகளை ஒரு 1.5 வோல்ற் பற்றரியில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். "டிக்" என்று கேட்டால் சுருள் நன்றாக இருக்கிறது. தொட்டபடியே வைத்திருக்க வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் மிகச் சின்ன ஸ்பீக்கரை இப்படிப் பார்க்க முடியாது, பெரியதற்கு இது போதும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி வரும். "டீச்சர், வெறும் பித்தளை, வெறும் அலுமினியம் என்றால் மினுக்கலாம்தானே?" மினுக்கலாம். பூச்சு எதுவும் இல்லாத பித்தளையை மினுக்குவதில் தப்பில்லை. நம் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்ததுதான். ஆனால் வெறும் உலோகம் மினுக்கிய அடுத்த நாளிலிருந்தே திரும்ப மங்கத் தொடங்கும். கடற்கரை ஊரில் இன்னும் கெதியாக. அப்போது பெருநாளுக்குப் பெருநாள் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தரமும் எழுத்தின் ஓரமும் விளிம்பின் கூர்மையும் கொஞ்சம் கொஞ்சமாக அழியும். அந்த வேலையை ஏற்றுக்கொள்ளத் தயார் என்றால் செய்யுங்கள்.

இன்னொரு கேள்வியும் வரும். "வீட்டுக்கு ஆக்கள் வாற நேரம் மங்கின சாமான வைக்கிறது வெட்கமில்லையா?" இதில்தான் எனக்கு உண்மையான வருத்தம். அழுக்காக வைத்திருப்பது வெட்கம், ஒத்துக்கொள்கிறேன். பழையதாக இருப்பதில் என்ன வெட்கம்? முப்பத்தைந்து, நாற்பது வருடம் பாவித்த பொருள் அந்த வயதோடுதான் இருக்கும். விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த வொலியூம் குமிழ், உப்புக்காற்று வைத்த புள்ளி, இவை அந்த வீட்டில் ஆட்கள் வாழ்ந்த அடையாளம். வீடியோக்களில் காட்டும் "முன்பு, பின்பு" படங்கள் கமராவுக்காகச் செய்வது. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தப் பொருள் எப்படி இருக்கிறது என்று யாரும் காட்டுவதில்லை.

இதில் பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பெருநாள் துப்புரவு முழுவதும் நம் தலையில்தான் விழுகிறது. நோன்போடு நின்று மணிக்கணக்காக ஒரு வளையத்தைத் தேய்த்துக் கை தோல் உரிந்து போவதற்கு எந்தத் தேவையும் இல்லை. ஸ்பீக்கருக்கு மெதுவான துடைப்பு இருபது நிமிட வேலை. அந்த வேலையை வீட்டில் இருக்கும் ஆண் பிள்ளைகளிடம் கொடுங்கள். இந்தப் பதிவையும் அவர்களிடமே வாசிக்கக் கொடுங்கள். தரம் 10, 11 பிள்ளைகளுக்கு மின்பகுப்பு, அமிலம், காரம், காந்தம் என்று படித்ததெல்லாம் ஒரே பொருளில் கையில் கிடைக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். துடைத்து முடித்து, பின்பக்கத்தை மூடுவதற்கு முன், ஒரு கடதாசித் துண்டில் எழுதி ஸ்பீக்கர் பெட்டிக்குள் உள்பக்கமாக ஒட்டிவிடுங்கள்: யார் கொண்டு வந்தது, எந்த நாட்டிலிருந்து, எந்த வருடம். உம்மாவிடமோ உம்மும்மாவிடமோ கேட்டால் வருடத்தை மட்டும் சொல்லமாட்டார்கள், எத்தனை மாதச் சம்பளம் சேர்த்து வாங்கினார்கள் என்பதையும் சொல்வார்கள். அதையும் எழுதுங்கள். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

நம் ஊரில் பழைய செட் திருத்தத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்தப் பெருநாளுக்குப் புதுப் புளூடூத் ஸ்பீக்கர் வாங்க வைத்திருக்கும் காசில் கொஞ்சத்தை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். அவர்களுடைய கைக்கு வேலை இருந்தால்தான் அந்தத் தொழில் அடுத்த ஆளுக்குப் போகும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் படத்தையும் அதன் கதையையும் கீழே போடுங்கள். எதால் தேய்ப்பது என்று மட்டும் கேட்க வேண்டாம், பதில் உங்களுக்கு இப்போது தெரியும். பிரயோசனம் என்று நினைத்தால் பகிருங்கள், முக்கியமாகக் கையில் தேசிக்காயோடு நிற்கிற யாருக்காவது.